ஸ்பானிஷ் பேச்சுத் தேர்வு: ஒப்பிப்பதை நம்பாதீர்கள்

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-ல் கார் தயாரிக்கத் தொடங்கியது. ஒரகடத்துக்கு 2010-ல் ரெனால்ட்–நிசான் வந்தது, 2012-ல் டெய்ம்லர் வந்தது. கொரிய எழுத்தில் பலகை வைத்த ஓட்டல்கள் இந்தப் பக்கம் யாருக்கும் புதிதல்ல. வெளிநாட்டு மொழித் தேர்வும் அப்படித்தான். ஆனால் அந்தப் பழக்கமே சில நேரம் இடைஞ்சலாகிறது. வேலைக்காகப் பலர் எழுதும் ஜப்பானிய ஜே.எல்.பி.டி. தேர்வில் பேச்சுப் பகுதியே கிடையாது. சரியான விடையைக் குறித்தால் போதும். கொரிய டோபிக் தேர்வில்கூட 2022 நவம்பரில்தான் பேச்சு ஒரு தனித் தேர்வாக வந்தது. இந்த அனுபவத்தோடு, பள்ளியில் ஸ்பானிஷ் எடுத்த பிள்ளையிடம் போய் "எல்லாத்தையும் மனப்பாடம் பண்ணிடு" என்கிறோம்.

பேச்சுக்கு மார்க் குறைவு, எழுத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்பது முதல் நம்பிக்கை. சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்பை மட்டும் பார்த்தால் இதில் ஓரளவு உண்மை இருக்கிறது. அங்கே எழுத்துத் தேர்வுக்கு 80, அகமதிப்பீட்டுக்கு 20. கேட்பதற்கும் பேசுவதற்கும் அந்த இருபதில் 5 மதிப்பெண்தான். கேம்பிரிட்ஜ் ஐ.ஜி.சி.எஸ்.இ.யில் பேச்சுக்கு மட்டுமே மொத்தத்தில் கால் பங்கு. ஸ்பெயினின் செர்வாந்தேஸ் நிறுவனம் வழங்கும் டெலே சான்றிதழிலும் கால் பங்குதான், ஆனால் விதி இன்னும் கடுமை. கேட்டலும் பேச்சும் சேர்ந்த பிரிவில் 50-க்கு 30 எடுத்தாக வேண்டும். வாசிப்பிலும் எழுத்திலும் எவ்வளவு வாங்கினாலும் இந்தப் பிரிவின் குறையை அது ஈடுகட்டாது.

எல்லாவற்றையும்விடக் கெடுதல் செய்வது மனப்பாடம். "என் குடும்பம்", "என் விடுமுறை" என்று பத்தி பத்தியாக உருப்போட்ட பிள்ளை, தேர்வாளர் நடுவில் "ஏன்?" என்று கேட்டதும் நின்றுவிடுகிறது. ஐ.ஜி.சி.எஸ்.இ.யில் எந்த அட்டை வரும் என்று மாணவருக்கு முன்கூட்டித் தெரியாது. அதில் ஒரு சூழலை நடித்துப் பேசும் பகுதி உண்டு: ஐந்து கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 2 மதிப்பெண். கேட்ட தகவலைச் சரியாகச் சொன்னால், சுருக்கமான பதிலுக்கும் முழு மதிப்பெண் கிடைக்கும்; சிறு பிழைகளைப் பொறுத்துக்கொள்வார்கள். ஆகவே பதிலைச் சேமிப்பதைவிட, ஒரு வாக்கியத்தை நான்கு பக்கம் திருப்பிப் பேசப் பழகுவது மேல். பார்த்திராத மத்ரீத் வீதிகளை விவரிக்க வேண்டாம். "வீட்டுப் பக்கத்தில் ஒரு கார் தொழிற்சாலை இருக்கிறது", "அப்பா ஷிப்டில் வேலை பார்க்கிறார்" என்று தொடங்கட்டும். இரண்டாவதை ஸ்பானிஷில் "மி பாத்ரே த்ரபாஹா போர் தூர்னோஸ்" என்றால் முடிந்தது. எந்த ஷிப்ட், எப்போது தூங்குவார், உனக்கு அது பிடிக்குமா என்று தேர்வாளர் எப்படிக் கேட்டாலும் பிள்ளையிடம் பதில் இருக்கும். அது அன்றாடம் பார்க்கும் வாழ்க்கை.

ஆங்கிலம் சரளமாக இருந்தால்தான் ஸ்பானிஷ் வரும் என்பதை நான் முழுதாக மறுக்கிறேன். உச்சரிப்பில் ஆங்கிலம்தான் காலை வாருகிறது. ஆங்கில வழியில் படித்த பிள்ளை இரண்டு என்பதை "டோஸ்" என்கிறது. தோசையில் வரும் "தோ"தான் அங்கே வேண்டும். 'நீ' என்பதற்கு "டூ" அல்ல, "தூ". ஸ்பானிஷின் உயிரெழுத்துகள் ஐந்தும் நமக்குக் கைவந்தவை. "மன்யானா" என்று இழுக்கத் தேவையில்லை, "மஞானா" என்று ஞகரத்தை அழுத்தினால் போதும். இலக்கணத்திலும் இப்படித்தான். 'வந்தேன்' என்றாலே வந்தது யார் என்பது வினையில் இருக்கிறது, ஸ்பானிஷிலும் அதே வழக்கம். ஆங்கிலத்தில் யோசிக்கும் மாணவர் தடுமாறும் "மே குஸ்தா எல் கஃபே", அப்படியே நம் "எனக்குக் காபி பிடிக்கும்". பிடித்தவை பலவானால் "குஸ்தான்" என்று வினை மாறும்; அதைமட்டும் தனியாகப் பழக வேண்டும். நாக்கை உருட்டும் இரட்டை ரகரத்துக்கும் பயிற்சி தேவை. ஸ்பெயின்காரர் மாதிரியே பேச வேண்டும் என்ற பயம் வேண்டாம். சுமார் 20 நாடுகளின் ஆட்சிமொழி அது, மெக்சிகோக்காரர் பேசுவதும் சரியான ஸ்பானிஷ்தான்.

வீட்டில் யாருக்கும் ஸ்பானிஷ் தெரியாதே என்று பெற்றோர் தயங்குகிறார்கள். தெரிய வேண்டியதில்லை. அம்மா தமிழில் கேட்கட்டும், பிள்ளை ஸ்பானிஷில் சொல்லட்டும், போனில் பதிவு செய்து ஆசிரியரிடம் காட்டட்டும். இரவு ஷிப்ட் முடிந்து வந்த அப்பாகூடப் பத்து நிமிடம் கேள்வி கேட்டுவிடலாம்.

புரியவில்லை என்று சொன்னால் மார்க் போய்விடும் என்பதும் தவறு. கேள்வியைத் திரும்பச் சொல்லத் தேர்வாளருக்கு இடமுண்டு. "புவேதே ரெபெதிர், போர் ஃபவோர்?" என்று கேட்பதே ஒரு பேச்சுத் திறன். வாய்மூடி இருந்தால்தான் நட்டம்.

நம் பிள்ளைகள் உண்மையில் சறுக்குவது வேறோர் இடத்தில். தமிழில் மேசையும் வீடும் அஃறிணை, அவ்வளவுதான். ஸ்பானிஷில் வீடு பெண்பால், புத்தகம் ஆண்பால். சேர்ந்து வரும் சொல்லும் அதற்கேற்ப மாறும். எனவே "காஸா" என்று தனியாகப் படிக்காமல், "லா காஸா", "எல் லீப்ரோ" என்று சேர்த்தே மனத்தில் ஏற்ற வேண்டும். மனப்பாடத்துக்கு இங்கே வேலை உண்டு. டெலேயில் பேச்சுக்கு முன் தயாராக நேரம் தருகிறார்கள், குறிப்பு எடுக்கலாம், ஆனால் அதைப் பார்த்து வாசிக்க முடியாது. அந்த நிமிடங்களில் முழு வாக்கியம் எழுதி நேரத்தை வீணாக்க வேண்டாம். ஐந்தாறு வினைச்சொற்களும், 'எல்', 'லா' சேர்த்த பெயர்ச்சொற்களும், ஒரு "ஏனென்றால்" — "போர்கே" — இருந்தால் போதும்.