தீ மேல்நோக்கி ஓடும்

நெய்வேலியில நமக்குத் தெரிஞ்ச மலை, சுரங்கத்து மண்மேடுதான். அதனால ஃப்ரெண்ட்ஸோட ட்ரெக்கிங் கிளம்புறதுக்கு முன்னாடி இந்தப் பாடத்தைப் படிச்சுட்டுப் போங்க.

2018 மார்ச் 11-ல் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மலையேறப் போனவங்க காட்டுத்தீயில் சிக்கினாங்க. 23 பேர் இறந்தாங்க.

சரிவில் தீயை ஓடி ஜெயிக்க முடியாது. ஏன்? கீழே எரியும் தீயின் வெப்பம், மேலே இருக்கிற காய்ந்த புல்லை முன்னாடியே சூடாக்கிடும். சரிவு 10 டிகிரி கூடினா, தீயின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். ஏறுற நம்ம வேகமோ குறையும்.

அதனால, தீ கீழே இருந்தா மேலே ஓடாதீங்க. ஓடைப் பள்ளத்திலும் இறங்காதீங்க, அது புகைபோக்கி மாதிரி தீயை இழுக்கும். பக்கவாட்டில் விலகி, புல் இல்லாத பாறைக்கோ ஏற்கெனவே எரிந்து அணைந்த இடத்துக்கோ போங்க.

இதைவிட முக்கியம் அனுமதி. 2024 அக்டோபரில் தமிழக அரசு 40 பாதைகளோட ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தைத் தொடங்கியது. அனுமதியோட போனா, நீங்க எந்தப் பாதையில் இருக்கீங்கன்னு வனத்துறைக்குத் தெரியும். ஆபத்துன்னா எங்கே தேடணும்னும் தெரியும். தீக்காலத்தில் பாதையை மூடியிருந்தா, குறுக்குவழி தேடாம திரும்பிடுங்க. மலை அடுத்த செமஸ்டர் லீவுக்கும் அங்கேயேதான் இருக்கும்.