கத்தும் நேரத்தில் கற்பிக்காதே

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் வந்தது. சிறப்புக் கல்வியில் பி.எட். முடித்து, மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவும் வாங்கி, ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் சென்டரில் சேர்ந்த சூட்டோடு ஒரு பையனிடம் முழங்கையில் கடியும் வாங்கியிருக்கிறாய். "மெல்ட்டவுன் வரும்போது அவனை எப்படிக் கன்ட்ரோல் பண்றது?" என்று கேட்டிருக்கிறாய். அந்த நேரத்தில் அவனிடம் உன்னால் ஆகக்கூடியது மிகக் குறைவு. அறையில் ஏதாவது மாற்றலாம், உன்னிடம் ஏதாவது மாற்றலாம், அவ்வளவுதான். மற்ற வேலையெல்லாம் அதற்கு முன்னும் பின்னும் கிடக்கிறது.

அடம் வேறு, மெல்ட்டவுன் வேறு. அடம்பிடிக்கிற பிள்ளை நடுநடுவே ஓரக்கண்ணால் உன் முகத்தைப் பார்க்கும். கேட்டது கைக்கு வந்ததும் அழுகை நின்றுவிடும். மெல்ட்டவுனில் இருப்பவன் பெரும்பாலும் யாரையும் பார்ப்பதில்லை. கேட்ட பிஸ்கட்டைக் கொடுத்தால் அதையும் வீசுவான். சத்தம், வெளிச்சம், வியர்வை, வேன் வேறு தெரு வழியாக வந்தது, புரியாத கட்டளை என்று காலையிலிருந்து சேர்ந்ததெல்லாம் உடம்பு தாங்காமல் வெளியே வருகிறது. அப்போது நாம் பேசுவது அவனுக்கு இன்னொரு சத்தம். நம் சென்டர்களில் என்ன நடக்கிறது என்று பார். ஒருவன் கத்தினால் நாலு பேர் ஓடிவருகிறார்கள். "இங்க பாரு", "கையைக் கட்டு", "என்ன வேணும் சொல்லு", "குட் பாய்ல?" என்று ஆளுக்கொரு கட்டளை. பாடம் நடத்த இதைவிட மோசமான நேரம் கிடையாது.

இந்த நேரத்துக்கென்று இங்கிலாந்து உளவியலாளர் ஆண்ட்ரூ மெக்டொனல் வளர்த்தெடுத்த முறைக்கு 'லோ அரௌசல்', அதாவது தூண்டுதலைக் குறைப்பது, என்று பெயர். கேட்க எளிது, பழகுவதுதான் கடினம். ஒருவர் மட்டும் அருகில் இருங்கள். மற்றவர்கள் பிற பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே போகட்டும். டியூப் லைட்டை அணை. டிவி ஓடினால் நிறுத்து. நேருக்கு நேர் நிற்காதே; கை எட்டாத தூரத்தில், சற்றுப் பக்கவாட்டில் நில். வாசலை மறிக்காதே. வெளியேற வழியில்லை என்று தோன்றினால் நீயும் நானும்கூடத் தள்ளிவிட்டுத்தான் போவோம். (அந்த வாசல் நேராக ரோட்டுக்குத் திறக்காமல் பார்த்துக்கொள்வது சென்டரின் பொறுப்பு. முதல் நாளே கேள்.) தொடாதே. எதையும் விசாரிக்காதே. சொல்லியே ஆக வேண்டுமென்றால் தாழ்ந்த குரலில் இரண்டு மூன்று சொல் போதும்.

அடங்கிய பிறகும் அவசரப்படாதே. "மிஸ்கிட்ட சாரி சொல்லு" என்று உடனே இழுத்து வந்து நிறுத்தினால் இரண்டாவது அலை கிளம்பும். தண்ணீர் கொடு, படுக்க விடு.

கைப்பழக்கத்தில் வர வேண்டிய விஷயங்களும் உண்டு. பி.எட். வகுப்பில் பொதுவாக இவற்றைச் சொல்லித் தருவதில்லை. முடியைப் பிடித்தால் நீ பின்னால் இழுக்காதே. பிடித்த கையை உன் இரண்டு கைகளாலும் உன் தலையோடு சேர்த்து அழுத்திக்கொள். இழுக்க இடமில்லாவிட்டால் வலி குறையும், பிடியும் தளரும். கடித்தால் கையைப் பிடுங்காதே, பிடுங்கும்போதுதான் சதை கிழிகிறது. கடிபட்ட இடத்தை மெல்ல வாய்ப்பக்கமே தள்ளு, தாடை திறக்கும். அவன் மூக்கை மட்டும் மறைத்துவிடாதே. தோல் கிழிந்திருந்தால் சோப்புத் தண்ணீரில் கழுவிவிட்டு அன்றே டாக்டரிடம் காட்டு. கழுத்துச் சங்கிலி, ஜிமிக்கி, தோளில் புரளும் துப்பட்டா எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும்.

ரோட்டை நோக்கி ஓடுகிறவனைப் பிடித்துத்தான் ஆக வேண்டும். தலையைச் சுவரில் மோதுகிறவனுக்குப் பல நேரம் சுவருக்கும் தலைக்கும் நடுவே ஒரு தலையணையைக் கொடுத்தாலே போதும். ஆனால் குப்புறப் படுக்கவைத்து முதுகில் முழங்காலை வைப்பதை, எந்தச் சீனியர் சொன்னாலும் நீ செய்யாதே. நெஞ்சு விரிய இடமில்லாமல் மூச்சு முட்டிப் பல நாடுகளில் இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. கீழே கிடப்பவன் காற்றுக்காகத் திமிறுகிறான். மேலே இருப்பவர், அவன் எதிர்க்கிறான் என்று நினைத்து இன்னும் அழுத்துகிறார்.

அழுத்துவதைப் போலத்தான் கட்டிவைப்பதும். 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தின் கொட்டகை எரிந்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் போனதில் 28 பேர் இறந்தார்கள். அவர்கள் மனநோயாளிகள், நம் பிள்ளைகள் வேறு என்று நீ சொல்லலாம். கட்டுகிற கை அந்த வித்தியாசத்தைப் பார்ப்பதில்லை. மனநோய் உள்ளவரை எந்த வடிவத்திலும் சங்கிலியிடக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சொல்கிறது. ஆட்டிசம் உள்ளிட்ட 21 வகைக் குறைபாடுகளைக் கணக்கில் எடுத்த 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் கொடுமையிலிருந்து பாதுகாப்புத் தரச் சொல்கிறது. இதையெல்லாம் உன் சென்டரில் தைரியமாகச் சொல். ஆனால் நூறு நாள் வேலைக்குப் போக வேறு வழியில்லாமல் மகனைப் புடவைத் துணியால் கட்டில் காலில் கட்டிவிட்டுப் போகிற தாயிடம் சட்டம் பேசாதே. பகல் நேரத்தில் அவனைப் பார்த்துக்கொள்ளும் இடம் பக்கத்தில் எங்கே இருக்கிறது, வேன் வருமா என்று விசாரித்துக்கொண்டு போய்ப் பேசு.

மெல்ட்டவுனுக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை உண்டு என்று சொன்னேன் அல்லவா? பேச்சு வராத பிள்ளையின் நடத்தை திடீரென்று மாறினால் முதலில் உடம்பைப் பார். பல், காது, மலச்சிக்கல், நெஞ்செரிச்சல், பெண் பிள்ளைகளுக்கு மாதவிடாய் வலி. ஃபிட்ஸும் ஆட்டிசம் உள்ளவர்களிடம் அதிகம். எனக்குத் தெரிந்த பையன் ஒருவன் தாடையில் குத்திக்கொண்டே இருந்தான். சென்டரில் 'செல்ஃப் இஞ்சுரி' என்று எழுதி, கைக்கு உறை மாட்டினார்கள். கடைவாய்ப் பல்லில் சீழ் இருந்தது. எரிச்சலும் ஆக்ரோஷமும் உள்ள ஆட்டிசக் குழந்தைகளுக்கு அமெரிக்காவில் 2006இல் ரிஸ்பெரிடோனையும் 2009இல் அரிப்பிப்ரசோலையும் அனுமதித்தார்கள். இங்கும் டாக்டர்கள் எழுதுகிறார்கள். நான் மாத்திரைக்கு எதிரியில்லை. சில வீடுகள் அதனால்தான் நிமிர்ந்திருக்கின்றன. எடை கூடும், தூக்கம் வரும் என்பதைச் சொல்லிவிட்டுக் கொடுக்க வேண்டும். பல்வலிக்கு மட்டும் ரிஸ்பெரிடோன் மருந்தில்லை.

உடம்பில் ஒன்றுமில்லை என்று தெரிந்தபின் நோட்டை எடு. எத்தனை மணிக்கு, யார் இருந்தார்கள், சற்று முன் என்ன நடந்தது, பிறகு நாம் என்ன செய்தோம் என்று எழுது. சில வாரம் எழுதினால் ஏதோ ஒரு நேரமோ இடமோ தலைகாட்டும். 'அட்டென்ஷனுக்காகப் பண்றான்' என்று நம்மவர்கள் எழுதுவதில் பாதி சோம்பல். டேமியன் மில்டன் என்ற ஆய்வாளர், தாமே ஆட்டிசம் உள்ளவர், 2012இல் ஒரு கட்டுரை எழுதினார்: அவர்களுக்கு நம்மைப் புரியவில்லை என்கிறோமே, நமக்கும் அவர்களைப் புரியவில்லை, பிசகு இரண்டு பக்கமும் இருக்கிறது என்பது அதன் சாரம். நோட்டு எழுதுகிறவர்கள் அவசியம் படிக்க வேண்டியது.

அந்த நோட்டை உன்னைவிட நன்றாக எழுதக்கூடியவர் அவன் அம்மா. அவரை 'பேரன்ட்' என்று வெளியே பெஞ்சில் உட்கார வைக்காதே. தாயின் அன்பில்லாமைதான் ஆட்டிசத்துக்குக் காரணம் என்று 1967இல் புருனோ பெட்டல்ஹைம் ஒரு தடித்த புத்தகமே எழுதினார். அதற்கு 3 ஆண்டுகள் முன்பே, ஆட்டிச மகனின் தந்தையும் உளவியலாளருமான பெர்னார்டு ரிம்லேண்ட் அந்த வாதத்தைத் தன் நூலில் உடைத்துவிட்டார். ஆனாலும் அதே பழி, "செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டீங்க" என்று இன்னும் நம் வாயிலிருந்து வருகிறது. மாமியார் சொல்லி முடித்ததை, அபார்ட்மென்ட் செக்ரட்டரி சொல்லி முடித்ததை, நீயும் சொல்லாதே.

அந்த அம்மா ராத்திரி தூங்குகிறாரா என்று கேள். "நாங்க ரெண்டு பேரும் போயிட்டா நல்லது" என்கிற மாதிரி ஏதாவது சொன்னால் பேச்சை மாற்றாதே. சாகத் தோன்றுகிறதா என்று நேராகவே கேள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆமென்றால் தனியாக அனுப்பாதே, வீட்டில் ஒருவரை வரவழை, மனநல மருத்துவரிடம் அன்றைக்கே சேர்ப்பி. 14416 டெலி-மானஸ் எண். இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசுவார்கள், காசில்லை. அவர் போனில் அதை நீயே பதிந்து கொடு. அவரிடம் இதையும் சொல்: பிள்ளைக்கு நிராமயா என்ற மருத்துவ இன்சூரன்ஸ் ஒரு லட்சம் வரை உண்டு, தெரபி செலவுக்கும் வாங்கலாம். பையனுக்கு 18 ஆனதும் சட்டப்படி காப்பாளர் ஆகக் கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் மனுப் போட வேண்டும். இரண்டுமே பலருக்குத் தெரியாது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்த மாத ரிப்போர்ட்டில் அந்தக் கடியைப் பற்றி எழுதுவாய். 'வயலன்ட்' என்று எழுதிவிடாதே. மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது, நான் கையைப் பிடித்து உட்கார வைத்தேன், கடித்தான் என்று நடந்ததை நடந்தபடி எழுது. அந்தத் தாள் அவனோடு பள்ளி பள்ளியாக, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போகும். அதைப் படித்துத்தான் உள்ளே விடுவதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். ஃபைலில் வைக்கும் முன் அவன் அம்மாவிடம் வாசித்துக் காட்டு. அவர் திருத்தச் சொல்வதைத் திருத்து.

அன்புடன்,
அக்கா