இடிக்குப் பிறகு இன்டர்நெட்

கேள்வி: இடி மழைக்குப் பிறகு மோடத்தில் ஒரு விளக்குகூட எரியவில்லை. புதிது வாங்கிவிடலாமா? (வாசகி, போடி)

அவசரப்படாதீர்கள். பாதி நேரம் செத்திருப்பது அடாப்டர்தான். மோடத்தின் அடியில் எழுதியிருக்கும் அதே வோல்ட், அதே ஆம்பியர் உள்ள ஒன்றை இரவல் வாங்கிச் செருகிப் பாருங்கள்.

கேள்வி: ஃபைபர் என்பது கண்ணாடி இழைதானே? மின்னல் எப்படி உள்ளே வரும்? (வாசகர், அரூர்)

இழை கண்ணாடிதான். பல ஊர்களில் அதைத் தாங்கி வருவது இரும்புக் கம்பி. வீட்டுச் சுவருக்கு வெளியே கொக்கியில் மாட்டி அங்கேயே வெட்டிவிட வேண்டியதை, மோடம் வரை இழுத்து வந்துவிடுகிறார்கள். மொட்டை மாடி கேமராவிலிருந்து இறங்கும் லான் கேபிளையும் பாருங்கள். அது செம்பு.

கேள்வி: நல்ல விலை கொடுத்து ஸ்பைக் பஸ்டர் வாங்கியும் மோடமும் டிவியும் போய்விட்டன. ஏமாற்று வேலையா? (வாசகர், திருமங்கலம்)

பிளக் பாயின்ட்டின் மூன்றாவது துளைக்குப் பின்னால் எர்த் கம்பி இருக்கிறதா என்று யாராவது பார்த்தீர்களா? நான் போகிற வீடுகளில் பச்சைக் கம்பி சுவிட்ச் பெட்டிக்குள்ளேயே சுருண்டு கிடக்கிறது. ஸ்பைக் பஸ்டருக்குள் இருக்கும் வேரிஸ்டர் மின்னலை விழுங்கிவிடாது. மிஞ்சி வருவதை எர்த்துக்குத் தள்ளிவிடும். எர்த்தே இல்லாத வீட்டில் எங்கே தள்ளும்? இன்னும் சில எலக்ட்ரீஷியன்கள் நியூட்ரலையே எர்த் பின்னில் முறுக்கிவிட்டுப் போகிறார்கள். நியூட்ரல் அறுந்தால் ஃபிரிட்ஜ் கதவே ஷாக் அடிக்கும், ஐயா! தரைக்கு கிரானைட், வாசலுக்குத் தேக்கு. கரியும் உப்பும் போட்டு ஒரு எர்த் குழி வெட்டச் சொன்னால் மட்டும் ‘அப்புறம் பார்க்கலாம்’. இருக்கிற குழிக்கும் கோடையில் ஒரு குடம் தண்ணீர் ஊற்ற ஆளில்லை. வேரிஸ்டரும் ஒவ்வொரு அடியிலும் தேயும். பாதுகாப்பு விளக்கு அணைந்துவிட்டால் பெட்டியை மாற்றுங்கள். வீட்டின் மேலேயே விழுந்தால் எந்தப் பெட்டியும் காப்பாற்றாது, அது வேறு. நாம் பறிகொடுப்பது பெரும்பாலும் எங்கோ விழுந்து லைனில் ஏறி வருவதற்குத்தான்.

கேள்வி: சுவிட்சை அணைத்தால் போதாதா? (வாசகி, தென்காசி)

போதாது. மேகத்திலிருந்து தரைவரை பாய்ந்து வருவதற்கு சுவிட்சுக்குள் இருக்கும் சில மில்லிமீட்டர் இடைவெளி ஒரு தடையா? பிளக்கைப் பிடுங்குங்கள், லான் கேபிளையும் சேர்த்து. இருட்டிக்கொண்டு வரும்போதே செய்யுங்கள். இடி தலைக்கு மேல் வந்தபின் எதையும் தொட வேண்டாம்; மோடம் போனால் போகட்டும்.

கேள்வி: மின்னும்போது செல்போனில் பேசலாமா? (வாசகர், மணப்பாறை)

வீட்டுக்குள் தாராளமாக. சார்ஜரில் மாட்டிக்கொண்டு வேண்டாம்.