கெட்ட செய்தி எத்தனை மணிக்கு வருகிறது?

நூற்பாலையில் புதிதாக ஷிப்ட் பொறுப்பு எடுக்கப்போகும் தம்பிகளுக்கும் அம்மணிகளுக்கும் இதை எழுதுகிறேன். கோவைப் பக்கத்து மில்களில் 34 வருஷம் இருந்தேன். அதில் 22 வருஷம் சூப்பர்வைசர். மிஷினைப் பற்றி டிப்ளமோவிலேயே உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். பொறுப்பில் நிற்கிறவர் தன்னைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியது பாடத்தில் இல்லை. அதை மட்டும் சொல்கிறேன்.

1. உன்னைப் பற்றி உனக்குத் தெரிந்ததைவிட உன் ஃப்ரேம்களை ஓட்டும் சைடர்களுக்கு அதிகம் தெரியும். ஸ்பின்னிங் இரைச்சலில் கண்ணாலும் கையாலும் பேசிப் பழகியவர்கள் அவர்கள். நீ கதவைத் தள்ளிக்கொண்டு வருகிற விதத்திலேயே ‘இன்றைக்கு ஐயா எப்படி’ என்று கடைசி ஃப்ரேம் வரைக்கும் சேதி போய்விடும். சிரித்து மறைக்கலாம் என்று நினைக்காதே.

2. ‘என்னிடம் யாரும் எதையும் சொல்லலாம்’ என்று நீயே முடிவு செய்யாதே. நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆயுத பூஜைக்கு என் கைக்காசில் எல்லோருக்கும் பொரி, கடலை வாங்கிக் கொடுப்பேன். வீட்டு விசேஷங்களுக்குத் தவறாமல் போவேன். அதனால் நான் நல்ல மனுஷன், கேட்கிற மனுஷன் என்பது என் கணக்கு.

ஒரு முழு நைட் ஷிப்ட். 30-ஆம் நம்பர் நூலுக்கு மஞ்சள் பாபின், 40-க்குப் பச்சை. டிராலியில் எப்படியோ இரண்டும் கலந்துவிட்டது. கோன் வைண்டிங்கில் இருந்த ஓர் அம்மா இரண்டு மணிக்கே அதைப் பார்த்திருக்கிறார். சொல்லவில்லை. தனக்குத் தெரிந்தவரை பச்சையைப் பொறுக்கி ஒதுக்கிவிட்டு மிச்சத்தை ஓட்டியிருக்கிறார். அவர் கண்ணுக்குத் தப்பியது கோனில் ஏறி, திருப்பூரில் துணியாகி, சாயம் போட்ட பிறகு பட்டை பட்டையாகத் தெரிந்தது. துணி முழுவதும் திரும்பி வந்தது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார். பக்கத்தில் இருந்தவர்தான் வாயைத் திறந்தார்: “போன வாரம் மிஷின்ல ஏதோ சத்தம் வருதுன்னு சொன்னாங்க. ‘உன் வேலையைப் பாரு’ன்னு அத்தனை பேர் முன்னாலயும் சொன்னீங்களே சார்.” அப்படிச் சொன்னது எனக்கு நினைவே இல்லை. பொரி கடலை கொடுத்தது மட்டும் வருஷாவருஷம் நினைவிருந்தது.

3. பெரிய இடத்திலும் இதே கதைதான். 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் டெனரீஃப் தீவில், ஒரே ஓடுபாதையில் இரண்டு போயிங் 747 விமானங்கள் இருந்தன. கடும் மூடுபனி. அதில் கே.எல்.எம். விமானத்தின் கேப்டன் சாதாரண ஆள் இல்லை. மற்ற விமானிகளுக்கே பயிற்சி கொடுக்கிறவர், கம்பெனி விளம்பரத்தில் படம் வந்தவர். புறப்படும் அனுமதி வருவதற்கு முன்பே அவர் கிளப்பப் பார்த்தார். முதல் தடவை துணை விமானி நிறுத்தினார். இரண்டாம் தடவை நிறுத்தவில்லை. எதிரே இருக்கும் விமானம் இன்னும் விலகவில்லையோ என்று பின்னால் இருந்த ஃப்ளைட் என்ஜினியர் கேட்டார். விலகிவிட்டது என்று கேப்டன் அழுத்திச் சொன்னார். பிறகு யாரும் மறுத்துப் பேசவில்லை. சில விநாடிகளில் மோதல். 583 பேர் இறந்தார்கள். விமான விபத்துகளில் அதைவிடப் பெரிய சாவு எண்ணிக்கை இன்று வரை இல்லை.

அந்த மனிதர் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. தன் ஒரு ‘ஆமாம்’ எத்தனை வாயை அடைக்கும் என்பது அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். சிமுலேட்டர் என்ற பயிற்சி எந்திரத்தில் அனுமதிக்குக் காத்திருக்கத் தேவையில்லை. வருஷக்கணக்கில் அதிலேயே இருந்த பழக்கமும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று விசாரணையில் பேசப்பட்டது. 1979-இல் நாசா இப்படிப்பட்ட விமானி அறைத் தவறுகளைப் பற்றி ஒரு கூட்டம் நடத்தியது. கீழே இருப்பவர் சொல்லவும் கேப்டன் கேட்கவும் பயிற்சி கொடுக்கும் முறை அதிலிருந்து வளர்ந்ததுதான்.

4. உன் கோபத்துக்கு நேரம் உண்டு. ஒரு மாதம் குறித்து வை. நான் குறித்தேன். ஆட்கள் தப்பு செய்கிற நேரமும் நான் கத்துகிற நேரமும் பொருந்தவே இல்லை. மேனேஜர் போன் வந்து போன அரை மணிக்குள் யார் எதிரே வந்தாலும் அவருக்குப் பூசை.

5. நீ எந்த டிபார்ட்மென்டிலிருந்து ஏறி வந்தாயோ அங்கேயேதான் உன் கண் நிற்கும். நான் ஸ்பின்னிங் ஆள். கார்டிங் பக்கம் எட்டிப் பார்க்காததற்கு நேரமில்லை என்று காரணம் சொல்வேன். அங்கே எனக்கு வேலை தெரியாது என்பதுதான் உண்மை.

6. வகுப்புக்கு அனுப்பினால் போ. ஆனால் தாளை நம்பாதே. ‘ஜோஹாரி ஜன்னல்’ என்று ஒன்று சொல்லித் தந்தார்கள். பெயரைக் கேட்டு, ஏதோ வடநாட்டு நகை வியாபாரி கண்டுபிடித்தது என்று நினைத்துக்கொண்டேன். ஜோசப் லுஃப்ட், ஹாரிங்டன் இங்ஹாம் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1955-இல் போட்ட படமாம்; இருவர் பெயரையும் ஒட்டி வைத்த பெயர். நாலு கட்டம். உனக்கும் பிறருக்கும் தெரிந்தது, உனக்கு மட்டும் தெரிந்தது, பிறருக்கு மட்டும் தெரிந்தது, யாருக்குமே தெரியாதது. நல்ல படம்தான். ஆனால் மேனேஜரை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு எங்களை நிரப்பச் சொன்னார்கள். அத்தனை பேரும் அத்தனை பேரைப் பற்றியும் ‘பொறுமைசாலி’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனோம்.

7. “என்கிட்ட என்ன குறை?” என்று கேட்காதே. உன் கையில் லீவு சீட்டு இருக்கும்போது எவன் சொல்வான்? வேலையை வைத்துக் கேள்: “நேற்று நைட் நான் குறுக்கே வராமல் இருந்திருந்தால் எது சீக்கிரம் முடிந்திருக்கும்?” பதில் வரும். வந்ததும் விளக்கம் சொல்ல ஆரம்பிக்காதே. அங்கேதான் நாம் எல்லோரும் கெடுத்துக்கொள்கிறோம்.

8. நோட்டில் ஒரு பக்கத்தில் நடுவே கோடு போடு. இடப்பக்கம், பழுது நடந்த நேரம். வலப்பக்கம், அது உன் காதுக்கு வந்த நேரம். உற்பத்திக் கணக்கு மேனேஜருக்கு. இந்தக் கணக்கு உனக்கு. பாபின் கலந்த வருஷம்தான் நான் இதை ஆரம்பித்தேன். முதலில் அரை ஷிப்ட் வித்தியாசம் இருந்தது. நாலைந்து வருஷத்தில் பத்து நிமிஷத்துக்கு வந்தது. அந்த வைண்டிங் அம்மாவிடம் மட்டும் மாறவே இல்லை. நான் ரிட்டயர் ஆகும் மாதம் வரை எதைப் பார்த்தாலும் பக்கத்து மிஷின்காரரிடம் சொல்வார். அவர் வந்து என்னிடம் சொல்வார்.