அடுப்புச் சுடரின் நிறம் கூறும் செய்தி

பினாங்கில் தைப்பூசத்தின்போது தண்ணீர்மலைக்குச் செல்லும் வழியில் அமையும் தண்ணீர்ப் பந்தல்களில் பெரிய அடுப்புகள் இடைவிடாது எரிவதைக் காண்கிறோம். அன்னதானத்திற்குப் பொருளும் உழைப்பும் நல்கும் அன்பர்கள், அந்த அடுப்பின் சுடரைப் பற்றியும் சிறிது அறிந்திருத்தல் நன்று.

நாம் பயன்படுத்தும் சமையல் எரிவாயு, புரோப்பேன், பியூட்டேன் என்னும் வாயுக்களைக் கொண்டது. இவற்றில் கார்பனும் ஹைட்ரஜனும் உள்ளன. ஒரு பங்கு புரோப்பேன் முழுமையாக எரிய ஏறக்குறைய 24 பங்கு காற்று வேண்டும். பியூட்டேனுக்கு 31 பங்கு வேண்டும். போதிய காற்றுக் கிடைத்தால் சுடர் நீலமாக எரியும். கரியமில வாயுவும் நீராவியுமே வெளிவரும்.

காற்றுக் குறைந்தால் கார்பன் முழுவதும் எரிவதில்லை. அது நுண்ணிய கரித்துகள்களாகிச் சுடருக்குள் தகதகக்கிறது. சுடர் மஞ்சளாவது இதனால்தான். 1860-61ஆம் ஆண்டுகளில் மைக்கேல் ஃபாரடே லண்டனில் இளைஞர்களுக்கு மெழுகுவர்த்தியைப் பற்றி ஆற்றிய சொற்பொழிவுகளில் இவ்வுண்மையை விளக்கிக் காட்டினார். அத்துகள்கள் எரியாமல் வெளியேறிப் பாத்திரத்தின் அடியில் படிவதே கரி.

திருவிளக்கில் நாம் வேண்டுவது ஒளி. ஆகவே மஞ்சள் சுடர் அங்குப் பொருத்தமே. விளக்கின் மேல் தட்டைக் கவிழ்த்துக் கரி பிடித்துக் கண்மை செய்ததும் நம் வீட்டு வழக்கம். அடுப்பில் வேண்டுவதோ வெப்பம். அங்கே கரி படிந்தால் எரிவாயு வீணாகிறது என்று பொருள்.

பாத்திரக் கரியைத் தேய்த்துப் போக்கிவிடலாம். ஆனால், அதே காற்றுக் குறைவால் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயுவும் உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினுடன் அது பிராணவாயுவைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாக இணைந்துவிடும். மூடிய சமையற்கட்டில் இது உயிரைப் பறிக்கவும் கூடும். விறகு, கரி, மண்ணெண்ணெய் முதலியவற்றின் புகையால் வீட்டுக்குள் மாசடையும் காற்று 2020ஆம் ஆண்டில் ஏறக்குறைய 32 லட்சம் உயிர்களைக் கொண்டு சென்றது என உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது.

ஆகவே, சமையற் பொறுப்பாளர்கள் கீழ்க்கண்டவற்றைக் கவனிக்க வேண்டுகிறோம்:

1. விழாவுக்கு முன்பே அடுப்பின் துளைகளையும் காற்று புகும் வாயையும் தூய்மை செய்து வைத்தல்.

2. சுடர் தொடர்ந்து மஞ்சளாக எரிந்து கரி படிந்தால் அடுப்பை அணைத்து, விவரம் அறிந்தவரிடம் காட்டுதல். உப்பு நீர் பொங்கி விழும்போது தோன்றி மறையும் மஞ்சள் நிறம் வேறு. அதனால் கரி படியாது.

3. அண்டா சுடரை அமுக்காதபடி இடைவெளி விடுதல்.

4. மழை பெய்தாலும் பந்தலின் எல்லாப் பக்கமும் படுதாவை இறக்கி மூடாதிருத்தல். வீட்டுச் சமையலறையிலும் சன்னலைத் திறந்து வைத்தல்.

5. சமைப்போருக்குத் தலைவலி, மயக்கம், குமட்டல் தோன்றினால் உடனே அவரைத் திறந்தவெளிக்கு அழைத்து வந்து, மருத்துவ உதவி நாடுதல்.

பசித்தவருக்கு அன்னமிடுவது பெரும் புண்ணியம். அந்த அன்னத்தைச் சமைப்பவரின் மூச்சைக் காப்பதும் அப்புண்ணியத்தில் ஒரு பங்கே ஆகும்.