அருச்சுனனின் தீர்த்த யாத்திரை தரும் பாடம்



நம் ஆலயத்தின் ஞாயிறு சமய வகுப்பில் மகாபாரத ஆதி பர்வத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அருச்சுனன் தீர்த்த யாத்திரை சென்ற இடங்களில் மணம் புரிந்த பகுதி அது. பத்து வயதுச் சிறுமி ஒருத்தி எழுந்து, "ஐயா, கல்யாணம் பண்ணிட்டு அவர் போயிட்டாரே, பிள்ளைகளை யார் வளர்த்தாங்க?" என்று கேட்டாள். 33 ஆண்டுகள் ஆசிரியப் பணி செய்த எனக்கு உடனே விடை சொல்ல நா எழவில்லை. அந்த விடையைத் தேடியதன் பயனே இக்கட்டுரை.

முதலில் கதையை நினைவு கூர்வோம். திரௌபதியோடு ஒருவர் தனித்திருக்கையில் மற்றொரு சகோதரர் அங்கே சென்றால், அவர் 12 ஆண்டுகள் விரதம் பூண்டு வனவாசம் செய்ய வேண்டும் என்பது பாண்டவர்கள் நாரதர் முன்னிலையில் செய்துகொண்ட உடன்பாடு. ஒருநாள் அந்தணர் ஒருவரின் பசுக்களைக் கள்வர் கவர்ந்து சென்றனர். அருச்சுனனின் படைக்கலங்களோ தருமரும் திரௌபதியும் இருந்த அறையில் இருந்தன. அருச்சுனன் உள்ளே சென்று வில்லை எடுத்தான், பசுக்களை மீட்டான். தருமர் குற்றமில்லை என்று தடுத்தும், சொன்ன சொல்லைக் காக்க யாத்திரை புறப்பட்டான்.

கங்கையில் நீராடியவனை நாககன்னி உலூபி நீருக்குள் ஈர்த்துச் சென்றாள். அவனது விரதம் திரௌபதியைப் பற்றியதே என வாதாடி அவனை மணந்தாள். அவர்கள் மகன் இராவான். தமிழர் வழிபடும் அரவான் இவனே. அடுத்து மணந்தது சித்திராங்கதையை. வியாசர் இவளை மணிபுர மன்னன் சித்திரவாகனன் மகள் என்கிறார். வில்லிபுத்தூராரோ பாண்டியன் மகளாகவே பாடியுள்ளார். அக்குலத்தில் தலைமுறைக்கு ஒரே பிள்ளை. ஆதலால் பிறக்கும் மகன் பாட்டனுக்கே உரியவன் என்ற நிபந்தனையை அருச்சுனன் ஏற்றான். மகன் பப்புருவாகனன் பிறந்தான். பின்னர் கண்ணன் இசைவோடு துவாரகையிலிருந்து சுபத்திரையைத் தேரேற்றிச் சென்று மணந்தான். அவள் மகன் அபிமன்யு.

இராவான் நாகலோகத்தில் தாயிடம் வளர்ந்தான். பப்புருவாகனன் தாயோடு பாட்டன் நாட்டில் வளர்ந்தான். பாண்டவர் வனவாசத்தின்போது அபிமன்யு தாய்மாமன் வீட்டில் வளர்ந்தான். ஆக, மூவரையும் ஆளாக்கியது தாயும் தாய்வீடுமே.

பாரதம் இதை இத்தோடு விட்டுவிடவில்லை. போருக்குப் பின் அசுவமேதக் குதிரையுடன் அருச்சுனன் மணிபுரம் சென்றான். மகன் பணிவோடு வரவேற்க வந்தான். போரிடாமல் வந்த மகனைத் தந்தை இகழ்ந்தான். உலூபி தூண்ட, மகன் போர் புரிந்தான், தந்தை வீழ்ந்தான். பீட்டுமரை வீழ்த்தியதால் வந்த சாபம் தீரவே அவ்வாறு செய்ததாகக் கூறி, நாகமணியால் உலூபி அவனை உயிர்ப்பித்தாள். பாரதப் போரில் எவராலும் வெல்லப்படாதவன், விட்டுப் பிரிந்த மனைவியின் கையால் உயிர் பெற்றான்.

என் பிள்ளைகள் சிறுவர்களாக இருந்தபோது நானும் தொலைவில் ஒரு தோட்டப் பள்ளியில் பணியாற்றினேன். மாதம் ஒருமுறைதான் வீடு திரும்புவேன். ஊரார் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தேன்; என் மகன் எழுதப் பழகியதை மனைவியின் கடிதத்தில்தான் படித்தேன். வீட்டைத் தாங்கியவளுக்கு அன்று ஒரு நன்றிச் சொல்லும் சொன்னதில்லை.

மறுவாரம் அச்சிறுமியிடம், "அம்மாக்கள்தான் வளர்த்தார்கள், அம்மா" என்றேன். "எங்க அம்மா மாதிரியா?" என்று கேட்டுவிட்டு, மகிழ்ச்சியோடு உட்கார்ந்தாள்.

இதிகாசங்களைக் குழந்தைகளுக்குச் சொல்லும் பெற்றோர், வில் வளைத்த கதையோடு வீடு காத்தவர் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள். அன்று மாலை வீடு திரும்பியதும் நானும் என் மனைவியிடம் சொல்ல வேண்டியதைச் சொன்னேன், காலந்தாழ்ந்தேனும்.