பெரிய ரயர் போட்டால் உரசுமா?

கேள்வி: என் கப் வாகனத்துக்கு 205/70 ஆர் 15 ரயர். மணற்காட்டுப் பக்கம் ஓட 225/75 போடலாமா?
- வாசகர், பருத்தித்துறை

பதில்: உரசவே வாய்ப்பு அதிகம். பழைய ரயரின் உயரம் 668 மில்லிமீற்றர், புதியது 718. ஆரத்தில் 25 கூடும், அகலத்தில் 20. நிற்கும் வாகனத்தின் மட்காட்டுக்குள் கையை விட்டுப் பார்த்து, இடமிருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். ஸ்ரேறிங்கை முழுதாக ஒடிக்கும்போதுதான் முன் மட்காட்டின் பின்விளிம்பிலும் உட்பக்கச் சட்டத்திலும் பிடிக்கும். ஒரு முன்சில்லைக் கட்டையில் ஏற்றி, சுமையும் போட்டு, இரண்டு பக்கமும் மெதுவாக ஒடித்துப் பாருங்கள். பின்சில்லுக்கு மேலே வில்தகடு அமுங்கும் இடத்தையும் கவனியுங்கள்.

என் தெரிவு 225/70. ஆரம் 14 மில்லிமீற்றர்தான் கூடும். உரசினாலும் பெரும்பாலும் பிளாஸ்ரிக் உள்மட்காட்டைச் சற்று வெட்டினால் சரி. வெளியே தள்ளி நிற்கும் அலோய் ரிம் வேண்டாம், திருப்பும்போது அது ரயரை விளிம்புக்கு இன்னும் கிட்டக் கொண்டுபோகும். 225/75 என்றால் மீற்றர் 60 காட்டும்போது உண்மையில் 64 இல் ஓடுவீர்கள்.

மணலில் புதையாமலிருக்க உயரத்தைவிடக் காற்றைக் குறைப்பதே உதவும். தார் வீதிக்கு ஏறியதும் மறக்காமல் திரும்ப அடியுங்கள். வாங்குமுன், ரயரின் பக்கச்சுவரில் உள்ள சுமை எண் பழையதைவிடக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.